கடையில் வாங்கிச் சோதித்த போன்

மூன்று வருடமாக விற்றுக்கொண்டிருந்த ஐஃபோன் 12-இன் விற்பனையை 2023 செப்டம்பரில் பிரான்ஸ் நிறுத்தி வைத்தது. காரணம், ஒரு அளவீடு. கையில் பிடித்தோ பேன்ட் பாக்கெட்டில் வைத்தோ இருக்கும்போது போனிலிருந்து திசு உள்வாங்கும் கதிர்வீச்சு, கிலோவுக்கு 4 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. சந்தையிலிருந்து எடுத்து ஏ.என்.எஃப்.ஆர். என்ற அரசு அமைப்பு சோதித்ததில் 5.74 வந்தது.

அதற்காக யாரும் பதறத் தேவையில்லை. திசு சூடாகிக் கெடலாம் என்று கருதப்படும் அளவில் பத்தில் ஒரு பங்காகத்தான் அந்த 4-ஐயே வைத்திருக்கிறார்கள்.

ஆப்பிள் சொன்ன விளக்கம்தான் சுவாரசியம். போன் உடம்பில் இல்லாமல் மேசைமேல் அசையாமல் கிடக்கிறது என்று உணர்ந்தால், சிக்னலின் சக்தியைத் தானே கொஞ்சம் கூட்டிக்கொள்ளுமாம். அந்த ஏற்பாட்டைப் பிரான்சின் சோதனை முறை கணக்கில் எடுக்கவில்லையாம். அதாவது, சோதிப்பவர்மேல்தான் தப்பு! பிரான்ஸ் அசையவில்லை. கடைசியில் ஆப்பிள் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட்; அதை ஒரு கிராம் திசுவின் சராசரியாகப் பார்க்கிறார்கள். *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அளவு தெரியும். அது தயாரிப்பாளர் தரும் எண். உடம்புக்கான அளவை, போனைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்து எடுப்பது வழக்கம். சட்டைப்பைக்கு அந்த இடைவெளி தெரியுமா?

நாமோ டவரைக் கண்டுதான் மிரள்கிறோம். மொட்டைமாடியில் டவர் வைக்கக் கூடாது என்று மனு கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குள் ஒற்றைக் கோடு சிக்னலில் போனைக் காதோடு அழுத்திப் பேசுகிறோம். சிக்னல் குறையக் குறைய, டவரை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டுகிறது. நம் தலைக்கு வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு போனிலிருந்துதான். ஹெட்போன் மாட்டினாலே அது வெகுவாகக் குறையும்.

புற்றுநோய் வருமா என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2011-இல் 'வாய்ப்பு இருக்கலாம்' என்ற பட்டியலில்தான் இந்தக் கதிர்வீச்சைச் சேர்த்தது. முடிவான பதில் வரும்வரை அளப்பவர் ஒழுங்காக அளக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பெட்டி பிரிக்காத போன்களை வாங்கிச் சோதித்து, முடிவை மாடல் பெயரோடு தமிழிலும் வெளியிடட்டும்.