மேக்ரோ பக்தகோடிகளே, கொஞ்சம் நில்லுங்க!

எங்க வகுப்புல ஒரு கோஷ்டி இருக்கு. சி மொழியில எழுதின புராஜெக்ட்ல பைத்தான் வாடையே அடிக்கக் கூடாதாம். "மேக்ரோ இருக்கும்போது ஸ்கிரிப்ட் எதுக்குடா?"ன்னு வேங்கிக்கால் டீக்கடையில ஒரு மணி நேரம் சண்டை. அங்க சொல்ல விடாததை இங்க கொட்டிடறேன்.

லினக்ஸ்ல திரையில படம் வரைய உதவுற மேசாவை எடுத்துக்குங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம்னு கணக்குப் போடுற குட்டி நிரல்தான் ஷேடர். அதை கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தற வழியில மேசா வெச்சிருக்கிற இடைநிலை வடிவம் என்ஐஆர். 2015ல உள்ளே வந்தது.

அதுல இன்ட்ரின்சிக்னு ஒரு கட்டளைப் பட்டியல். முதல்ல முழுக்க மேக்ரோதான். ஒரே ஹெட்டர் ஃபைலை ஒவ்வொரு தடவையும் மேக்ரோவுக்கு வேற அர்த்தம் கொடுத்து இன்க்ளூட் பண்ணுவாங்க. கெட்டிக்காரத்தனம், மறுக்கல. ஆனா வேண்டாத இடத்தைக்கூட 'எக்ஸ்எக்ஸ்'னு போட்டு நிரப்பணும். உள்ளே கமா வந்தா மேக்ரோ குழம்பும்னு அதுக்கு இன்னொரு மேக்ரோ! 2018ல இதைத் தூக்கிட்டு பைத்தானுக்கு மாத்தினாங்க. இப்போ ஒவ்வொரு விவரத்துக்கும் பேர் இருக்கு, வேண்டாததை எழுதவே வேண்டாம், தப்பா கொடுத்தா பில்ட் ஆகும்போதே ஸ்கிரிப்ட் கத்தும்.

இன்னும் பெரிய விஷயம், கணக்கைச் சுருக்குற விதிகள். 'ஒரு எண்ணோட 0 கூட்டினா அதே எண்'. பைத்தான்ல ஒரே வரி. ஆனா தசம எண்கள்ல மைனஸ் 0வோட 0 கூட்டினா பிளஸ் 0தான் வரும்! அதனால துல்லியம் கேட்கிற இடத்துல இந்த விதியைத் தொடாதேன்னு ஒரு குறி போடறாங்க. இப்படி நூற்றுக்கணக்கான விதிகளைச் சேர்த்து ஸ்கிரிப்டே ஒரு ஆட்டோமேட்டன் கட்டிடுது. (ஆமா, நாம அரியர் வெச்ச அதே பேப்பர்.) இதை மேக்ரோவுல எழுதிக் காட்டுங்க, டீ என் செலவு.

குறை இல்லையான்னா, இருக்கு. பில்ட் பண்ற மெஷின்ல பைத்தான் வேணும். பிறக்கிற சி ஃபைல் சோர்ஸ்ல இருக்காது, தேடினா பௌர்ணமி கிரிவலத்துல செருப்பைத் தேடற கதை. பத்து வரிப் பட்டியலுக்கு ஸ்கிரிப்ட் எழுதறவனையும் நான் திட்டுவேன்.

ஆனா நம்ம அசெம்பிளர் புராஜெக்ட்ல 80 கட்டளை. போன செமஸ்டர் ஒரு வரியில ரெண்டு எண் இடம் மாறிப்போச்சு. ரெண்டுமே முழு எண், கம்பைலர் வாயே திறக்கல. ராத்திரி மூணு மணி வரைக்கும் தேடினது நான், மேக்ரோ பக்தர்கள் தூங்கிட்டாங்க. அடுத்த ரிவ்யூவுக்குள்ள அந்த ஹெட்டரைத் தூக்கப் போறேன். தடுக்கணும்னா அதே டீக்கடைக்கு வாங்க.