பதினாறு பெண்களும் ஒரு மாப்பிள்ளையும்

"விளையாட்டுத்தானே ஐயா! உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர், சற்று நேரம் சிரித்துவிட்டுப் படுக்கப் போகிறார். அதற்குமா உங்கள் சீர்திருத்தத் தடியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்?"

நண்பர்கள் கேட்கிறார்கள். நயமாகத்தான் கேட்கிறார்கள். தொலைக்காட்சியிலே தோரணம் கட்டுகிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள், மணமேடை அமைத்து மங்கையரை அழைத்து வருகிறார்கள், பார்ப்பவர் மகிழ்கிறார். இதிலே குற்றம் எங்கே, கொடுமை எங்கே என்பது அவர்கள் கேள்வி. நாம் தடி தூக்க வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கூறவே வந்தோம்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கலர்ஸ் தமிழ் என்ற தொலைக்காட்சி தோன்றியது. தோன்றியவுடன் அது தமிழ்நாட்டுக்கு அளித்த விருந்து, 'எங்க வீட்டு மாப்பிள்ளை'. நடிகர் ஆர்யா மணமகன். அவர் கரம் பற்ற விழைந்து வந்த பெண்கள் பதினாறு பேர். அரண்மனை போன்றதோர் இடம், அலங்காரம், ஆட்டம், பாட்டம், அழுகை. அவ்வப்போது ஒருத்திக்கு விடை. இப்படியே குறைந்து குறைந்து, இறுதியில் மூவர் நின்றனர். ஏப்ரலில் நாடே இமை கொட்டாது பார்த்திருக்க, மாலை யார் கழுத்தில் என்று மூவரும் நெஞ்சம் படபடக்க நின்றிருக்க, மணமகன் வாய் திறந்தார். ஒருவரைத் தேர்ந்தால் மற்ற இருவர் மனம் புண்படும், எனக்கு அவகாசம் வேண்டும் என்றார். மேளம் இருந்தது, மேடை இருந்தது, மணம் மட்டும் இல்லை!

அந்த வாரந்தான் அத்திப்பட்டில் ஒரு சீர்திருத்தத் திருமணத்துக்கு நமக்கு அழைப்பு.

எண்ணூருக்கு அப்பால், கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயில் நின்று போகும் ஊர் அத்திப்பட்டு. பெயரைச் சொன்னதும், "அஜித் படத்திலே காணாமல் போன ஊரா?" என்று கேட்போர் உண்டு. 2001இல் வந்த 'சிட்டிசன்' படத்து ஊர் அத்திப்பட்டி, கற்பனை ஊர். இது அத்திப்பட்டு; காணாமல் போகாத ஊர். வடசென்னை அனல்மின் நிலையம் இங்குதான் நிற்கிறது. 2018இல் அதன் அலகுகள் 210 மெகாவாட்டில் மூன்று, 600 மெகாவாட்டில் இரண்டு. நாட்டுக்கு ஒளி தரும் நிலக்கரி இங்கே எரிகிறது. எரிந்த சாம்பல் கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழியிலும் படிகிறது. சென்னையிலே குளிர்பதன அறையில் அமர்ந்து மாப்பிள்ளை யாரைத் தேர்வார் என்று பார்ப்பவருக்குப் பெட்டியை ஒளிரச் செய்கிற மின்சாரம், இம்மக்கள் மூச்சிலே புகுகிற தூசியோடு பிறந்தது. இது நிற்க.

மணமகன் ஒப்பந்தத் தொழிலாளி. மணமகள் செவிலியர் பயிற்சி முடித்தவள். தலைமை தாங்க வேண்டிய பேச்சாளர் வழக்கம்போல வந்து சேரவில்லை. (நம் பேச்சாளர்கள் புரோகிதனை ஒழித்தார்கள், புரோகிதனிடமிருந்த நேரம் தவறாமையையும் சேர்த்தே ஒழித்துவிட்டார்கள்!) காத்திருந்த வேளையில் பந்தலிலே எழுந்த பேச்செல்லாம் அந்த மாப்பிள்ளையைப் பற்றித்தான்.

"மூணு பேர்ல ஒரு பேரையாவது சொல்லியிருக்கணும்க்கா. ஒண்ணும் சொல்லாம போனது ஏமாத்துதானே?" என்றாள் ஓர் இளம்பெண்.

"அதெல்லாம் எழுதி வச்ச நாடகம். உனக்கு ஏன் கோவம் வருது?" என்றார் அவள் கணவர், உலகம் அறிந்தவர் போல.

"அடக்கமா, அதிர்ந்து பேசாம ஒரு பொண்ணு இருந்துச்சே, அதைக் கட்டியிருக்கலாம். ஆட்டம் போட்டதுங்களை எல்லாம் எதுக்கு அவ்வளவு நாள் வச்சிருந்தான்?" என்றார் ஓர் அம்மையார்.

மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் மட்டும், "கட்டாம வுட்டதே நல்லதும்மா. பாவம், பதினாறும் தப்பிச்சிதுங்க" என்றார்.

நாம் இவற்றை எள்ளி நகையாட எழுதவில்லை. ஏட்டிலே வந்த விமரிசனங்களைவிட இந்தப் பந்தற்பேச்சிலே பொருள் அதிகம். ஏமாற்று என்றவள் நீதி கேட்டாள். நாடகம் என்றவர் உண்மை கேட்டார். தொல்காப்பியமே இவர்கள் பக்கம். காதலித்தவன் பொய்யுரைத்துக் கைவிடும் கேடு தோன்றிய பிறகுதான் சடங்கென்னும் கட்டு ஏற்பட்டதென்று அந்த இலக்கணம் கூறுகிறது. ஆயிரமாயிரம் ஆண்டுக்குப் பிறகு, அதே வழக்கைத்தான் அத்திப்பட்டுப் பெண் ஆர்யா மீது தொடுத்தாள்!

ஆனால் அடக்கமான பெண்ணைக் கட்டியிருக்கலாம் என்றாரே, அந்த அம்மையாரின் சொல்லிலே நாம் சற்று நின்றுவிட்டோம். நல்லவர், மகளைப் படிக்க வைத்தவர், அன்று புரோகிதரில்லாத் திருமணம் நடத்த இசைந்த தாயாரே அவர்தான்! அவர் ஏன் அப்படிச் சொன்னார்? சொல்லச் செய்தது எது?

முன்பெல்லாம் பெண் பார்க்க வருவார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் தட்டிலே. தட்டு பெண்ணின் கையிலே. கண்கள் நான்கைந்து பேரின் முகத்திலே. நடக்கச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். கடிதம் வராது. அந்தப் பெண் அடுத்த தட்டை ஏந்துவாள். இந்த இழிவைக் கண்டு மனம் கொதித்து எழுதினோம், பேசினோம், நாடகம் போட்டோம். பெண் என்ன சந்தை மாடா என்று மேடைதோறும் கேட்டோம். கேட்டதன் பயனாய், வெட்கப்பட்டுக்கொண்டாவது அந்த வழக்கம் வீட்டுக்குள்ளே பதுங்கிற்று. பதுங்கியதை மீண்டும் வீதிக்கு, வீதியிலிருந்து வானத்துக்கு ஏற்றிக் காட்டியதே இந்நிகழ்ச்சி! தட்டு இல்லை, பஜ்ஜி இல்லை, ஆனால் பெண் நிற்கிறாள், ஆண் அமர்ந்திருக்கிறான், பார்ப்பவர் மார்க் போடுகிறார். நாலு பேர் இருந்த இடத்திலே நாடே சம்பந்தி வீட்டாராகிவிட்டது. அந்த அம்மையார் பேசவில்லை. அவருக்குள்ளே மாமியார் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்த நிகழ்ச்சி பேசிற்று.

பந்தலில் எல்லோரும் ஏதேதோ கேட்டனர். யாரைத் தேர்ந்திருக்கவேண்டும், ஏன் தேரவில்லை, தேர்வதாகச் சொன்னது மெய்யா பொய்யா என்றெல்லாம் கேட்டனர். அந்தப் பதினாறு பேரில் எவளுக்கேனும் இந்த ஆண்மகன் தகுதியானவனா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. தராசின் ஒரு தட்டிலே பதினாறு பேர். மறு தட்டு காலி. அதுதான் மணமகன் அமரும் இடம். அவர் எடை பார்க்கப்படுவதே இல்லை.

"அவர்கள் தாமாக வந்தார்களே!" என்பர். ஆம், வந்தார்கள். வந்த பெண்களை நாம் ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டோம். தட்டேந்திய நம் பாட்டிமாரும் கைவிலங்கு பூட்டப்பட்டா கூடத்துக்கு வந்தார்கள்? வேறு வாயில் இல்லையென்று நம்பவைக்கப்பட்டவர், இருக்கும் வாயிலில் தாமாகத்தான் நுழைவர்.

"பெண்ணைத் தேர்பவளாக்கினால் சரியாகிவிடுமா?" என்று குறும்புக்காரர் கேட்பார். வடக்கே அதையும் செய்து பார்த்தார்கள். 2009இல் ராக்கி சாவந்த் என்ற நடிகைக்கு இந்தித் தொலைக்காட்சி சுயம்வரம் நடத்தியது. அவர் ஒருவரைத் தேர்ந்தார்; நிச்சயம் நடந்தது; பிறகு முறிந்தது. மறு ஆண்டு அதே மேடையில் ராகுல் மகாஜன். இவற்றுக்கெல்லாம் மூலம் அமெரிக்கா. 2002இல் அங்கே ஓர் ஆணின் முன் பெண்களை நிறுத்தினார்கள். 2003இல் ஒரு பெண்ணின் முன் ஆண்களை நிறுத்தினார்கள். நாற்காலியில் யார் அமர்வது என்பதல்ல நம் வழக்கு. இருவர் கூடி வாழ்வதற்கு ஒரு நாற்காலி எதற்கு?

இனி, அந்த விளையாட்டுத்தானே என்ற சொல்லுக்கு வருவோம். உலகில் எவர் வேண்டுமானாலும் அதைச் சொல்லட்டும், நாம் சொல்லலாகாது. சொல்வோமானால் நம் வரலாறே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 1949இல் 'வேலைக்காரி' படமாயிற்று. 1952இல் 'பராசக்தி' வந்தது. கொட்டகைக்குள் சென்றவன் பொழுதைப் போக்கத்தான் சென்றான். வெளியே வந்தபோது கோயில் பூசாரியையும் பண்ணையாரையும் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது. ஆயிரம் மேடைப் பேச்சு புகாத வீட்டில் ஒரு படத்தின் வசனம் புகுந்தது. அன்று எதிரிகள் பதறினர், தடை கேட்டனர். கேளிக்கையிலே கருத்து குடியேறும் என்பதை நாடு நம்மிடந்தான் கற்றது. நல்ல கருத்துக்குக் கால் உண்டு, கெட்ட கருத்துக்குக் கால் இல்லையா?

இன்னும் ஒன்று. நெஞ்சில் கைவைத்துச் சொல்லவேண்டியது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை வீடு வீடாக விலையின்றித் தந்தது கழக அரசு. அண்ணா பிறந்தநாளிலே தொடங்கித் தந்தது. ஏழையின் குடிசைக்கும் செய்தியும் சிரிப்பும் சேரட்டும் என்று தந்தோம், தவறில்லை. 1993இல் தோன்றிய, சூரியன் பெயரைச் சூடிய தொலைக்காட்சி எவர் குடும்பத்தது என்பதும் ஊரறிந்த செய்தி. அந்தப் பெட்டியிலே, அந்த அலைவரிசையிலே, ஆண்டுக்கணக்காக ஓடிய தொடர்களில் தாலிக்குக் கற்பூரம் காட்டாத நாள் எத்தனை? தந்தையும் ஐந்து மகள்களுமாக, 2002 முதல் மூன்றாண்டு நாட்டை அழவைத்த 'மெட்டி ஒலி'க்குப் பெயரே காலணியாய் வந்த கட்டு! பெண்ணின் துயரை அது சொல்லிற்று, மறுக்கவில்லை. துயருக்கு மருந்தாகப் பொறுமையையே கொடுத்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு, உள்ளே யார் பேசுகிறார் என்று பாராமல் வந்துவிட்டோம். எனவே கலர்ஸ் தமிழை மட்டும் கூண்டில் நிறுத்தி, நம்மவரை நீதிபதி நாற்காலியில் அமர்த்த நமக்கு மனம் வரவில்லை.

ஆர்யாவையும் கூண்டில் ஏற்றவில்லை. 2019 மார்ச்சில் அவர் உடன் நடித்த நடிகை சாயிஷாவை மணந்தார். அதற்குப் பதினாறு பேர் வரிசை தேவைப்படவில்லை; இருவர் விரும்பினர், மணந்தனர். வாழ்க! தமக்கு வேண்டியபோது எளிதாய்க் கிட்டிய முறையை நாட்டுக்குக் காட்டவில்லையே என்பதுதான் நம் குறை.

அந்த எளிய முறைக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணம் தொட்டு, ஊர் ஊராய்ப் புரோகிதரை விலக்கி மணம் நடத்தினோம். கல்லெறிந்தார்கள், செல்லாத கல்யாணம் என்றார்கள். 1953இல் சென்னை உயர்நீதிமன்றமே ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாதென்றது. மணந்து, மக்களைப் பெற்று வாழ்ந்த பெண்கள், சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லராயினர்! அந்த இழிவைத் துடைக்க அண்ணா முதலமைச்சராகி 1967இல் சட்டம் கொண்டுவந்தார். 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2023இல் உச்சநீதிமன்றமும், அத்தகைய மணத்துக்கு ஊரறிந்த ஆடம்பரம் தேவையில்லை என்று தெளிவுபடுத்திற்று.

சட்டம் கேட்பது என்ன? உற்றார், நண்பர், பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியிலே, இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று *இருவரும்* சொல்லவேண்டும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். தாலி கட்டினாலும் போதும். பெண்ணுக்கு வாய் உண்டென்று எழுதிய சட்டம் அது. 'எங்க வீட்டு மாப்பிள்ளை'யின் இறுதி நாளிலே மூன்று பெண்கள் நிற்க, தீர்ப்பு ஒரு வாயிலிருந்து வந்ததே, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அத்திப்பட்டுப் பந்தலில் நாம் வைத்துப் பார்த்தோம். பேச்சாளர் ஒருவழியாக வந்தார், பேசினார், நீளமாகவே பேசினார். மணமகன் உறுதிமொழி படித்தான். மணமகள் கையில் தாளை வாங்கியதும் ஒலிபெருக்கி நின்றது, மின்வெட்டு! நாட்டுக்கே மின்சாரம் செய்யும் ஊரில்! அப்போது பார்த்து, சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று கடக்கத் தொடங்கிற்று. பெரியவர் சிலர், "போதும்மா, மாலையை மாத்து" என்றனர். அவள் மாற்றவில்லை. ரயில் முழுதும் போகட்டும் என்று நின்றாள். போன பிறகு, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் படித்தாள். வெற்றிலை மடித்த மூதாட்டி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஆண்டுகள் ஓடின. இப்போது அவள் தங்கைக்குத் திருமணம். அழைப்பிதழ் நம் மேசை மீது இருக்கிறது. காதல் மணந்தான், சாதி மறுப்பு மணந்தான்; மகிழ்ச்சி. ஆனால் அழைப்பிதழோ மூன்று நாளைக் கணக்குச் சொல்கிறது. முதல் நாள் மருதாணி விழாவாம், அதற்கு மெஹந்தி என்று பெயர், மறுநாள் மஞ்சள் விழா, மாலையில் சங்கீத். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் நம் பாட்டனார் கேட்டறியாத விழாக்கள். மணமகள் தொடரில் வருவதுபோல மேலிருந்து ஊஞ்சலில் இறங்கவேண்டுமாம். அதற்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு முன்பணம். தாயார் தொலைபேசியில் சொன்னார்: "சின்னவ ஆசைப்படுறா. எல்லாம் சீரியல்ல பாக்கிறதுதான். நாலு பேர் பாத்து நல்லாருக்குன்னு சொல்லணும்ல? குழுவுல கடன் சொல்லியிருக்கேங்க ஐயா. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

கடன் எவ்வளவு என்று கேட்டோம். சொன்னார். இங்கே எழுத மனமில்லை; பெரியவளின் திருமணத்தை அத்தொகையில் பலமுறை நடத்தியிருக்கலாம். ஊஞ்சல் நிகழ்ச்சி எத்தனை நிமிடம் என்று கேட்டோம். ஏழு நிமிடமாம். உறுதிமொழி எப்போது என்று கேட்டோம். நிகழ்ச்சிநிரலில் அதற்கு இடமில்லை, புகைப்படக்காரர் நேரம் பார்த்துச் சொல்வார் என்றார்.

வருவதாக ஒப்புக்கொண்டோம். பேசுவதற்கு நமக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தை மணமகளுக்கே கொடுத்துவிடும்படி கேட்டிருக்கிறோம். அக்காளிடம் அந்தப் பழைய தாள் இன்னும் இருக்கிறதாம். தேடி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தங்கையிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.