கோல் உடையுது என்று பெரிய பெக்கேஜ் எடுக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரங்க பொறுமையா வாசிங்க.

கட்டாரிலோ சவூதியிலோ ஒருவர் இல்லாத குடும்பம் எங்க ஊரில் குறைவு. பல பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் வட்ஸ்அப் கோல்தான். அந்தக் கோல் "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்று உடைந்தால் உடனே பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறோம். மாசக் காசு கூடுகிறது, குரல் அப்படியேதான் உடைகிறது. திரும்பிப் போய்க் கேட்டால் இன்னும் பெரிசு எடுக்கச் சொல்வாங்க. அது அவங்க வியாபாரம்.

குரலுக்கு வேகம் பெரிசாத் தேவையில்லை. ஒரு பக்கத்துக் குரல் 100 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். 10 மெகாபிட் இணைப்பில் அது நூறில் ஒரு பங்கு. தேவைப்படுவது நேரம் தவறாமை. நாம் பேசுவதைப் போன் பொதுவாக 20 மில்லி செக்கன் துண்டுகளாக வெட்டி, செக்கனுக்கு 50 துண்டு அனுப்புகிறது. யூடியூப் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். இன்னும் பேசாத பேச்சை எப்படிச் சேர்த்து வைப்பது? பிந்தி வந்த துண்டு குப்பைக்குத்தான்.

எத்தனையோ வீடுகளில் அது பிந்துவது ரவுட்டருக்கும் போனுக்கும் இடைப்பட்ட பத்து மீற்றரில். வைஃபையில் ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம், மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சனல் என்றால் அதுவும் இந்த வரிசையில்தான். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டாத சனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மதிலோடு மதில் ஒட்டிய எங்க வளவுகளில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணிப் பாருங்க. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் இரைகிறது. இதற்குள் மகன் வீடியோ அப்லோட் பண்ணினால் வெளியே போகிற வரிசை நிரம்பி, உம்மாவின் குரல் அதற்குப் பின்னால் நிற்கும்.

குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி செக்கனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அரைச் செக்கன் பிந்தினால் என்ன நடக்கும்? இருவரும் ஒன்றாகப் பேசுவாங்க, பிறகு இருவரும் ஒன்றாக நிறுத்துவாங்க. "ஏன் பதில் சொல்ல யோசிக்கிறீங்க?" "நான் பேசுறதை நீ கேக்கிறதே இல்ல." சண்டை ரெடி. போகிற காசை விட இதுதான் எனக்குப் பெரிய நட்டமாத் தெரிகிறது.

அங்கே உள்ளவர் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு அறையில் எட்டுப் பேர், ஒரே வைஃபை, இஷாவுக்குப் பிறகு எட்டுப் பேரும் ஊருக்குக் கோல். டுபாயில் வட்ஸ்அப் கோலுக்கே அனுமதியில்லை. ஆகவே திருத்த வேண்டியது இந்தப் பக்கம்.

டீவிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைங்க. கோல் வந்தால் குசினியில் நிற்காமல் ரவுட்டர் உள்ள அறைக்கு வாங்க, போனை 5 கிகாஹேர்ட்ஸில் இணையுங்க. அந்த நேரம் அப்லோடை நிறுத்தச் சொல்லுங்க. வீடியோவை மூடினாலே சுமையில் பெரும்பகுதி போய்விடும், ஆனா பிள்ளைகள் விடமாட்டாங்க, அது வேற கதை.

சனல் மாற்றத் தெரியாதவங்க இன்பொக்ஸில் சொல்லுங்க. மஃரிபுக்குப் பிறகு வந்து பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும்.