மனப்பான்மையை அளந்தது போதும்

பல் மருத்துவர்களின் தொடர்கல்வி பற்றி நம் நாட்டில் எழுதப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே வினாத்தாளைச் சுற்றியே வருகின்றன. தொடர்கல்வி அவசியமா? ஆம். தவறாமல் பங்கேற்கிறீர்களா? இங்கே எண்ணிக்கை சரிகிறது. உடனே முடிவுரை: மருத்துவர்களிடம் ஆர்வம் போதவில்லை, விதியைக் கடுமையாக்குக.

இம்முடிவை நான் மறுக்கிறேன். கல்வி வேண்டாம் என்று எந்த மருத்துவர் எழுதித் தருவார்? நாம் அளப்பது மனப்பான்மையை அன்று, நாகரிகத்தை. சிறுநகரில் ஒற்றை நாற்காலியுடன் தொழில் நடத்துபவர் கருத்தரங்குக்குப் புறப்பட்டால் அன்றைய வருமானம் போயிற்று. கட்டணமும் பயணச் செலவும் வேறு. போன இடத்திலோ பல நேரங்களில் இம்பிளான்ட் விற்பனையாளரின் விளம்பரமே விரிவுரையாகிறது. கையொப்பம், மதிய உணவு, சான்றிதழ், புள்ளி. இதில் ஆர்வம் குறைவதை நோயாகக் கருத என்னால் இயலவில்லை.

கற்றதன் அடையாளம் மருந்துச் சீட்டில் இருக்கிறது. பல்கூழ் அழற்சியின் வலியை நுண்ணுயிர்க்கொல்லி தணிப்பதில்லை. வேர்ச்சிகிச்சையோ பல் நீக்கமோதான் தீர்வு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆயினும் பல்வலி என்றதும் அமாக்சிசிலினையும் மெட்ரோனிடசோலையும் சேர்த்து எழுதும் பழக்கம் நம்மிடையே நீங்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் நாட்டில் இது சிறு பிழையன்று.

ஸ்காட்லாந்தில் 795 பல் மருத்துவ நிலையங்களை உட்படுத்திய ஒரு சோதனையின் முடிவுகள் 2016இல் வெளியாயின. மருத்துவர் எழுதிய நுண்ணுயிர்க்கொல்லிகளின் அளவை வரைபடமாக்கி அவருக்கே அனுப்பினர், அவ்வளவே. ஒப்பீட்டுக் குழுவைவிட 5.7 விழுக்காடு குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் குறைந்தது மருந்து, கூடியது புள்ளியன்று. அங்கே பொதுச் சுகாதாரத் துறையிடம் சீட்டுகளின் பதிவு இருந்தது. இங்கே தனியார் மருத்துவமனையின் சீட்டு நோயாளியின் சட்டைப்பையோடு மறைந்துவிடுகிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் தொடர்கல்வி விதிகள் வகுக்கப்படும்போது நம் ஆய்வுகள் 'ஆர்வமின்மை' என்ற ஒற்றைச் சொல்லையே கையளித்தால், கூடுதல் புள்ளிகளைத் தவிர வேறு என்ன விளையும்?

முதுநிலை மாணவர்களே, அடுத்த ஆய்வுக்கு வினாத்தாளை விடுத்து உங்கள் கல்லூரிப் புறநோயாளர் பிரிவின் மருந்துச் சீட்டுகளை எடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எளிதில் கிடைக்காது. வழிகாட்டிப் பேராசிரியர் முகம் சுளிக்கவும் கூடும்; அச்சீட்டுகளுள் சில அவர் எழுதியவையாக இருக்கும்.