வி.பி.என். வேலை செய்யவில்லையா? கதவைத் திறக்காதீர்கள், எண்ணை மாற்றுங்கள்!

வீட்டில் இருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "வி.பி.என். கனெக்டட் என்று காட்டுகிறது. ஆனால் அலுவலக சர்வரில் உள்ள ஒரு பைல்கூட திறக்கவில்லை." இதற்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் அறிவுரையும் ஒன்றுதான். "பயர்வாலை ஆப் செய்துவிடுங்கள். ரவுட்டரில் டி.எம்.இசட். போட்டுவிடுங்கள்." இந்த அறிவுரை பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பது என் கருத்து.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், உடல்நலம் இல்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். முதல் வாரமே இந்தப் பிரச்னை. "அங்கிள், இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா ஆபீசுக்கே வரச் சொல்லிடுவாங்க" என்றார். அவர் வீட்டு ரவுட்டரைப் பார்த்தேன். இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவர், டி.எம்.இசட். பகுதியில் லேப்டாப்பின் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். லேப்டாப்பில் பயர்வாலும் ஆப். இவ்வளவு செய்தும் பைல் திறக்கவில்லை.

எப்படித் திறக்கும்? வி.பி.என். இணைப்பில் உங்கள் கம்ப்யூட்டர்தான் அலுவலகத்தை அழைக்கிறது. அலுவலகம் உங்கள் வீட்டை அழைப்பதில்லை. எனவே வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறந்து வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. டி.எம்.இசட். என்பதோ, இன்டர்நெட்டிலிருந்து அழையாமல் வரும் இணைப்புகளை எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கே அனுப்பும் ஏற்பாடு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, விண்டோஸ் பைல் பகிர்வுக்கான 445-ம் எண் போர்ட் வழியாகப் பரவியது நினைவிருக்கலாம். பயர்வால் இல்லாமல் டி.எம்.இசட்.டில் நிற்கும் கம்ப்யூட்டர், அப்படிப்பட்ட வைரஸ்களுக்கு வாசலைத் திறந்து வைத்தது போலத்தான்.

உண்மையான காரணம் மிகச் சிறியது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே வகை ஐ.பி. எண்கள். வீட்டு ரவுட்டர்களில் பல, 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண்ணுடன்தான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சிறிய அலுவலகங்களிலும் அதே எண் வரிசையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

காந்தி தெரு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஊர்ப் பெயர் எழுதாமல் "காந்தி தெரு, 20" என்று கடிதம் போட்டால், தபால்காரர் உள்ளூர் காந்தி தெருவில்தான் தேடுவார். அதேபோல, அலுவலக சர்வரின் எண் 192.168.1.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு எண்களும் 192.168.1 என்றே தொடங்கினால், கம்ப்யூட்டர் பெரும்பாலும் அந்த சர்வரை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடும். பதில் வராது. வி.பி.என். மட்டும் "கனெக்டட்" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். வி.பி.என். இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ஐபிகான்பிக் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலக கம்ப்யூட்டர் பிரிவினரிடம் சர்வரின் எண்ணைக் கேளுங்கள். இரண்டிலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்தால், நோய் தெரிந்துவிட்டது.

மருந்து இதோ. பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை டைப் செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே செல்லுங்கள். லேன் செட்டிங்ஸ் பகுதியில் 192.168.1.1 என்பதை 192.168.37.1 என்பது போல மாற்றுங்கள். மூன்றாவது பகுதியில் 0, 1 போன்ற வழக்கமான எண்கள் வேண்டாம். 10 என்று தொடங்கும் வரிசையையும் தவிர்த்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் பல அதைத்தான் பயன்படுத்துகின்றன. டி.எச்.சி.பி. பகுதியில் உள்ள எண்களும் 192.168.37 என்று மாறியிருக்கிறதா எனப் பாருங்கள். சேவ் செய்து, ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இனி ரவுட்டரைத் திறக்கப் புதிய எண்ணைத்தான் தர வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நிலையான எண் கொடுக்கப்பட்ட பிரிண்டர், கேமரா இருந்தால் அவற்றின் எண்ணையும் மாற்ற வேண்டும். எதுவும் சரியாகவில்லை என்று ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்திவிடாதீர்கள். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்ட் அழிந்து, உள்ள இணைப்பும் போய்விடக்கூடும்.

வி.பி.என். கனெக்ட் ஆகவே இல்லை என்றால் அது வேறு பிரச்னை. ரவுட்டரில் வி.பி.என். பாஸ்த்ரூ என்ற பகுதி இருந்தால், அது இயங்கும் நிலையில் உள்ளதா எனப் பாருங்கள். உங்கள் நிறுவனம் பி.பி.டி.பி. என்ற பழைய முறையைப் பயன்படுத்தினால், அதை மாற்றச் சொல்லுங்கள். அதன் பாதுகாப்பை உடைக்க முடியும் என்பது 2012-லேயே செய்து காட்டப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2016-ல் தன் ஐபோன், மேக் சிஸ்டங்களிலிருந்து அதை நீக்கியே விட்டது.

"இதையெல்லாம் அலுவலகம்தானே சரிசெய்ய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். யாரும் அதிகம் பயன்படுத்தாத எண் வரிசையை அலுவலகங்கள் முதலிலேயே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் எல்லா சர்வர், பிரிண்டர்களின் எண்ணையும் மாற்றுவது பெரிய வேலை. உங்கள் வீட்டில் அது பத்து நிமிட வேலை. அதுவரை உங்கள் சம்பளம் காத்திருக்காது.

அந்தப் பெண்ணின் வீட்டில் டி.எம்.இசட்.டை நீக்கினேன், பயர்வாலை ஆன் செய்தேன், எண்ணை மாற்றினேன். பைல் திறந்தது. அவர் இன்றும் அம்மாவின் பக்கத்து அறையில் இருந்துதான் வேலை பார்க்கிறார்.

ரவுட்டர் என்பது மூலையில் விளக்கு மினுக்கும் பெட்டி மட்டுமல்ல. அது உங்கள் வீட்டின் வாசல் கதவு. அதன் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் யார் எதை மாற்றினாலும், ஏன் என்று கேளுங்கள். "இதை ஆப் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், இரண்டு முறை கேளுங்கள்.