மருந்தைத் திரும்பப் பெற்றால் மட்டும் போதுமா?

இதய அறுவை சிகிச்சையின்போது ரத்தப்போக்கைக் குறைக்கப் பயன்பட்ட மருந்து 'ட்ராசிலால்'. அதற்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் தொடர்பிருப்பதாக 4,374 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2006 ஜனவரியில் எச்சரித்தது. அதை ஆராய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு அதே ஆண்டு செப்டம்பரில் கூடியது. சுமார் 67,000 நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு அந்த மருந்தைத் தயாரித்த பேயர் நிறுவனமே செய்வித்த ஆய்வின் முதற்கட்ட முடிவுகளும் ஆபத்தையே காட்டின. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே நிறுவனம் குழுவிடம் வாய் திறக்கவில்லை. சில நாட்களில் விஷயம் அம்பலமானது. ஆனாலும், இறப்பு கூடுவதாகக் கண்டு கனடாவில் ஒரு பெரிய சோதனை நிறுத்தப்பட்ட பிறகு, 2007 நவம்பரில்தான் விற்பனை நின்றது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்குகள் ஃபுளோரிடா நீதிமன்றத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. பலவற்றை நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசமாக முடித்தது.

அங்கே வழக்காவது நடந்தது. நம் நாட்டு நோயாளிக்கு அந்த வாசல் எந்த அளவு திறந்திருக்கிறது? வீட்டில் விழுங்கிய மாத்திரையின் அட்டையாவது கையில் இருக்கும். அறுவை அரங்கில் நினைவிழந்து கிடந்தவருக்கு எந்த மருந்து ஏறியது என்பதற்கு மயக்க மருத்துவரின் குறிப்பில் ஒரு வரிதான் சாட்சி. பின்னாளில் டயாலிசிஸுக்குப் போகும்போது அவர் தன் உடம்பையோ விதியையோதான் நொந்துகொள்வார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் இரண்டாண்டுக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம், அவ்வளவுதான். மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படும் மருந்து என்றால், மருத்துவரை முறையாக எச்சரித்துவிட்ட நிறுவனம், நோயாளியை எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பலாம். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் படுத்தவரோ நுகர்வோர் என்ற கணக்கிலேயே வருவதில்லை. ஏழைக்கு இதைவிடப் பெரிய அநீதி வேண்டுமா?

திரும்பப் பெறப்பட்டதாலேயே ஒரு மருந்து குற்றவாளி ஆகிவிடாது என்று மருந்துத் துறையினர் சொல்வார்கள். அது நியாயமே. ட்ராசிலால் மீதான தடையைக் கட்டுப்பாடுகளுடன் நீக்கலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2012இல் பரிந்துரைத்தது. எனவே பாதிப்பு மருந்தால்தான் வந்தது என்பதை நோயாளி நிரூபிக்கட்டும். நிரூபிக்க ஆவணம் வேண்டுமே! மருத்துவப் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. விரிவான பதிவுகளை எழுதி நீண்ட காலம் காத்தால் செலவு கூடும் என்பது மருத்துவமனைகளின் வாதம். எந்த நோயாளிக்கு எந்தத் தொகுதி மருந்து செலுத்தப்பட்டது என்று எழுதிவைப்பது அறுவை சிகிச்சைக் கட்டணத்தின் முன் ஒரு செலவே அல்ல.

ஒரு மருந்து திரும்பப் பெறப்பட்டால், அதைச் செலுத்திக்கொண்ட ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். புகாருக்கான காலக்கெடு அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இலவச சிகிச்சை பெற்றவருக்கும் அதே உரிமை வேண்டும். இதற்கான திருத்தத்தை மத்திய அரசு தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். அதுவரை, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி.