தெர்மாகோலுக்குப் பின்னால் யாருடைய கை?

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் அறிவியல் கண்காட்சிகளுக்கும் மாணவர் புத்தாக்கப் போட்டிகளுக்கும் நடுவராகப் போய்வருகிறேன். போட்டிகள் போதவில்லை என்று குறைப்பட இதை எழுதவில்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்கிறார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் செய்முறை அறிவியலுக்கென வானவில் மன்றம் வந்தது. பள்ளி மாணவர் குழுக்களுக்கென்றே புத்தாக்க மேம்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. மேடைக்குப் பஞ்சமில்லை. அந்த மேடையில் ஏறும் படைப்பு பிள்ளைகளுடையதுதானா என்பதே என் கேள்வி.

எந்தக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தாலும் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். கையை நீட்டினால் மூடி திறக்கும். பக்கத்தில் நிற்கும் மாணவி சென்சார், மோட்டார், மின்கலம் என்று தங்குதடையின்றி ஒப்பிப்பாள். “இந்த மஞ்சள் கம்பியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்மா?” என்று கேட்டேன் ஒருமுறை. பேச்சு நின்றுவிட்டது. பிள்ளையின் பார்வை சற்றுத் தள்ளி நின்ற பெரியவரிடம் போனது. அதே வரிசையின் கடைசியில், சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்குத் திருப்பிய நான்கு பையன்கள் நின்றார்கள். பருக்கை அடைத்துக்கொண்டதால் முதலில் வைத்த சல்லடை பயன்படவில்லை. கிழிந்த கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒற்றை மடிப்பில் ஏன் நிற்கவில்லை, மூன்றாக மடித்தால் தண்ணீர் ஏன் தேங்கியது என்று ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துச் சொன்னார்கள். அவர்களுடைய அட்டையில் எழுத்துக்கூடக் கோணலாகத்தான் இருந்தது. பரிசு குப்பைத்தொட்டிக்குப் போனது. மதிப்பெண் தாளில் ‘தோற்றப் பொலிவு’க்கு இடமிருந்தது, தானே யோசித்ததற்கு இல்லை.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. சுற்றறிக்கை இன்று வருகிறது, போட்டி அடுத்த வாரம் என்கிறார்கள். பள்ளியின் பெயர் பத்திரிகையில் வர வேண்டும் என்ற நெருக்கடி தலைமையாசிரியருக்கு. கடையில் ஆயத்த மாதிரிகள் விலைக்குக் கிடைக்கின்றன. வசதி உள்ள வீட்டில் அப்பா வாங்குகிறார், அம்மா ஒட்டுகிறார், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. வசதி இல்லாத பிள்ளை போட்டி தொடங்குமுன்பே தோற்றுவிடுகிறது.

இந்தச் சிக்கலை அமெரிக்காவில் ஒரு போட்டி எப்படி எதிர்கொண்டது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நியூஜெர்சி மாநிலக் கல்லூரி ஒன்றில் தொழில்துறை வடிவமைப்பு கற்பித்த பேராசிரியர் சாம் மிக்லஸ், 1978இல் 28 பள்ளிகளை வைத்துத் தொடங்கிய அது இன்று ‘ஒடிஸி ஆஃப் தி மைண்ட்’ என்ற பெயரில் பல நாட்டு மாணவர்கள் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்திருக்கிறது. ஓர் அணியில் அதிகபட்சம் ஏழு பேர். ஆண்டுதோறும் புதுச் சவால்கள்: ஓடும் வண்டி செய், நாடகம் போடு, சில கிராம் எடையுள்ள பால்சா மரக்குச்சிகளால் கட்டமைப்பு எழுப்பி அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்ற முடியும் என்று காட்டு. எல்லாம் எட்டு நிமிடத்துக்குள்.

சவால்களைவிட என்னைக் கவர்ந்தவை அதன் விதிகள். வெளியார் உதவி கூடாது என்பது தலையாய விதி. நாடக உடையை அம்மா தைத்துக் கொடுத்தால் மதிப்பெண் குறையும். மேடையேறும் பிள்ளைக்குத் தலைவாரி ஒப்பனை செய்துவிட்டாலும் அப்படியே. பயிற்சியாளர் ரம்பம் பிடிக்கக் கற்றுத்தரலாம். எந்த இடத்தில் அறுப்பது என்று சொல்லக் கூடாது. அடுத்தது செலவு வரம்பு. மேடைக்கு வரும் பொருள்களின் மொத்த மதிப்பு குறிப்பிட்ட தொகையைத் தாண்டக் கூடாது. பழைய பொருளுக்குப் பழைய விலைதான் கணக்கு. ஆகவே காயலான் கடைச் சாமான் எடுத்து வருகிறவர்களுக்கே லாபம். மூன்றாவது, அங்கேயே கொடுக்கப்படும் திடீர்ச் சவால். என்ன வருமென்று அணிக்கு முன்கூட்டித் தெரியாது. பயிற்சியாளருக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. மொத்தம் 350 மதிப்பெண்ணில் 100 அதற்கே. மனப்பாடம் அந்தக் கதவோடு நின்றுவிடும்.

ரனாட்ரா ஃபுஸ்கா என்ற பெயரில் ஒரு விருதும் தருகிறார்கள். அது ஒரு நீர்ப்பூச்சியின் பெயர். தொடக்க காலத்தில் ஓர் அணி அந்தப் பூச்சியின் சாயலில் நீரில் செல்லும் கலம் ஒன்றைச் செய்தது. அது வெற்றி பெறவில்லை. ஆனாலும் அப்படி யோசித்த துணிச்சலுக்காக விருதுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். நம் போட்டிகளில் ஓடாத மாதிரியை மேசைக்கடியில் ஒளித்துவைக்கத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம்.

அந்தப் போட்டியை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சவால்கள் நம் தெருவிலேயே கிடக்கின்றன. விதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். என் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, யார் எதைச் செய்தார்கள், பெரியவர் உதவி எங்கே கிடைத்தது என்று பிள்ளைகளே கையெழுத்திட்டுத் தரும் ஓர் ஒற்றைப் பக்கத் தாள். அதை வைத்து நடுவர் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு, அரசுப் பள்ளி மாணவர் கைக்கு எட்டும் செலவு வரம்பு. மூன்று, ஆசிரியரும் பெற்றோரும் இல்லாத அறையில் பதினைந்து நிமிடத் திடீர்ச் சவால். பழைய செய்தித்தாளும் நூலும் போதும். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இதற்கு வேண்டும். நான்கு, பலிக்காமல் போன நல்ல யோசனைக்கு மாவட்டந்தோறும் ஒரு பரிசு.

வழிகாட்டி ஆசிரியருக்கு வேலையே இல்லையா என்று கேட்பார்கள். வேலை கூடும். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, பிள்ளை தானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமானது. அதற்கு அவகாசம் தேவை. போட்டியின் முதன்மைச் சவாலை ஜூன் மாதமே அறிவித்துவிட்டால் ஆசிரியருக்கும் அவசரம் இருக்காது. பொய்யாக எழுதிக் கையெழுத்திட்டால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். செய்ததைக் கழற்றி மறுபடி பூட்டிக் காட்டச் சொன்னால் உண்மை ஐந்து நிமிடத்தில் வெளிவந்துவிடும்.

இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. விதிமுறைச் சுற்றறிக்கையில் நான்கு பத்தி சேர்த்தால் போதும். முதலாண்டு ஒரே ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்க ஆணையிடுங்கள். நடுவர்களுக்குப் பயிற்சி தர ஆள் வேண்டுமென்றால், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். பயணப்படிகூடக் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்